ஒரு ராத்திரிக்கு என்ன விலை?

பிரிட்டனில் பிரிந்து வாழும் பெற்றோர் தங்களுக்குள் பேசி முடிக்க முடியாவிட்டால், பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையை அரசே கணக்குப் போட்டுச் சொல்லும். வாரச் சம்பளம் 200 முதல் 800 பவுண்டு வரை என்றால் ஒரு பிள்ளைக்கு அதில் 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19. வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்கல் ராத்திரிக் கணக்கில்தான் இருக்கிறது. பணம் கட்டுபவர் வீட்டில் பிள்ளை வருடத்துக்கு 52 ராத்திரி தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு கழியும். வாரம் 500 பவுண்டு வாங்கும் அப்பா ஒரு பிள்ளைக்குக் கட்ட வேண்டியது 60. பிள்ளை 51 ராத்திரி தங்கினாலும் அதே 60தான். இன்னும் ஒரே ஒரு ராத்திரி கூடினால் 51 பவுண்டு 43 பென்ஸ். அந்த ஒரு ராத்திரியின் மதிப்பு வருடத்துக்குச் சுமார் 445 பவுண்டு!

சண்டை வராமல் என்ன செய்யும்? அப்பா கூடுதலாக ஒரு ராத்திரி கேட்பது பாசத்திலா, பவுண்டுக்காகவா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வரும் (பிள்ளைக்கும்தான்). சாயங்காலம் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சோறு போட்டு, தூங்கும் நேரத்துக்குக் கொண்டுபோய் விடும் அப்பாவுக்கோ இந்தக் கழிவே கிடையாது. அம்மா வீட்டு வாடகையும் பள்ளிச் சீருடையும் பிள்ளை எங்கே தூங்கினாலும் அதே விலைதான். 52-ல் திடீரென்று வெட்டாமல் ஒவ்வொரு ராத்திரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாலே இந்த இழுபறியில் பாதி அடங்கிவிடும்.