ஏலம் கேட்டவனை ஏன் ஏசுகிறோம்?

சீட்டாட்டத்தில் மிகக் கேவலமான பேச்சு எது என்று கேட்டால், கெட்ட வார்த்தை எதையும் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்து நாலு பேர் சீட்டும் தரையில் மலர்ந்து கிடக்கும்போது, ஒருவன் பார்ட்னர் பக்கம் திரும்பி, ‘ஏலே, இதுக்குப் போயி எவனாவது இருவது கேப்பானா?’ என்பான் பாருங்கள், அதுதான். எல்லாச் சீட்டும் தெரிந்த பிறகு எவனும் மேதைதான்.

எங்கள் குருவிகுளம் பக்கம் இருபத்தெட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. ஆடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு அணி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் தலா 1. மொத்தம் 28 புள்ளி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுதான் வரும். அதை வைத்தே ‘எங்கள் அணி இத்தனை எடுக்கும்’ என்று ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மிச்ச நாலும் வரும். அதாவது, கட்டில் எட்டில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுக்கிறோம்.

உங்கள் கையில் இல்லாத ஒரு ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காத சீட்டு 28. அதில் 16 எதிரணிக்குப் போகும். உங்களுக்கு இனி வரப்போகும் 4, பார்ட்னரின் 8, ஆக 12 உங்கள் அணிக்கு. அந்த ஜாக்கி எதிரணியிடம் இருக்க ஏழில் நாலு வாய்ப்பு. மற்றவர்கள் வாயைத் திறக்கும்வரை ஏலம் கேட்பவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவனை ஏசுகிறவனுக்கோ 32 சீட்டும் தெரியும். இரண்டு பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இதைச் சொன்னால் ‘தோத்ததுக்குக் கணக்கு வேறயா?’ என்கிறார்கள். ஆமாம், கணக்குதான்.

பிரிட்ஜில் இந்தக் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். அணிப் போட்டியில் ஒரே சீட்டுகளை இரண்டு மேசைகளில் ஆடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் புள்ளியாக மாறும். பரிசும் தண்டனையும் கூடுதலாக இருக்கும் ‘வல்னரபிள்’ நிலையில் இருக்கிறீர்கள். மூன்று ஸ்பேடோடு நிற்பதா, நாலுக்குப் போவதா? நாலு கேட்டு, தேவையான பத்துச் சுற்றையும் எடுத்தால் 620. மூன்றோடு நின்று அதே பத்தை எடுத்தால் 170 மட்டுமே. வித்தியாசம் 450, போட்டி அட்டவணைப்படி 10 புள்ளி. ஒன்பது சுற்றுதான் கிடைக்கிறது என்றால், நாலு கேட்டவருக்கு 100 நஷ்டம், மூன்று கேட்டவருக்கு 140 லாபம். வித்தியாசம் 240, அட்டவணைப்படி 6 புள்ளி.

இப்போது 100 ஆட்டத்தில் 40 முறைதான் பத்துச் சுற்று கிடைக்கும் என்று வையுங்கள். 40 முறை 10 புள்ளி வந்தால் 400. 60 முறை 6 புள்ளி போனால் 360. நாலு கேட்டவர்தான் முன்னால் நிற்கிறார். நூற்றில் அறுபது முறை தோற்கிற முடிவுதான் சரியான முடிவு! அந்த அறுபது முறையும் பார்ட்னர் முறைத்தால் என்ன ஆகும்? அவர் நாலு கேட்பதை விட்டுவிடுவார். வாங்கிய ஏச்சுக்குப் பயந்து, சரியானதைச் செய்வதையே நிறுத்திவிடுவார். என் கோபம் இங்கேதான்.

‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ என்று 1929-இல் எலி கல்பர்ட்சன் தொடங்கிய பத்திரிகை ஒன்று உண்டு. அதில் கஷ்டமான ஏலக் கேள்விகளை வல்லுநர் குழுவிடம் வைக்கும் பகுதி புகழ்பெற்றது. ஒரே ஒரு ஆளின் 13 சீட்டு, அதுவரை நடந்த ஏலம், அவ்வளவுதான் தருவார்கள். மற்ற மூன்று கைகளைக் காட்ட மாட்டார்கள். வல்லுநர்களே பிரிந்து நின்று வாதாடுவார்கள். வாதாட வேண்டிய முறை இதுதான். கேட்டவன் உட்கார்ந்த இடத்தில் நீயும் உட்கார்ந்து, அவன் பார்த்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பேசு.

‘அப்படின்னா தோத்தவன் எல்லாம் என் முடிவு சரின்னு தப்பிச்சிடுவானே?’ நியாயமான கேள்வி. தப்பிக்க விடக் கூடாது. உனக்கு என்ன தெரியும், பார்ட்னரிடம் என்ன எதிர்பார்த்தாய், எது நடந்தால் கவிழும் என்று நினைத்தாய் என்று கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் திட்டலாம். ஆனால் இதே கேள்விகளை ஜெயித்தவனிடமும் கேட்க வேண்டும் இல்லையா? கையில் ஒன்றுமில்லாமல் இருபது கேட்டு, பார்ட்னருக்கு இரண்டு ஜாக்கி வந்ததால் பிழைத்தவனை நாம் என்ன செய்கிறோம்? தோளில் தட்டி ‘தைரியசாலி’ என்கிறோம். அடுத்த ஆட்டத்தில் அதே தைரியம் அணியைக் கவிழ்க்கிறது.

சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இலேயே சொல்லிவிட்டது. ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதில் இருக்கும் அதிர்ஷ்டத்தைப் போன்றதுதான் என்றும் சொன்னது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வாங்கினார்கள். வெறும் அதிர்ஷ்டம் ஒரு போட்டி முழுக்கக் கூடவே வராது. என்னைக் கேட்டால், முடிவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன்தான் அசல் சூதாடி. எது சரி, எது தப்பு என்பதைக்கூட அவன் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுகிறான்.

இது சீட்டோடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் கரிசல் காட்டில் போர் போட்டுத் தண்ணீர் வந்தவன் விவரமானவன், வராதவன் கிறுக்கன். இரண்டு பேரும் ஒரே ஆளைக் கூப்பிட்டு நீரோட்டம் பார்த்து, ஒரே ஆழம் இறக்கியிருப்பார்கள். கடன் மட்டுமா வராதவன் தலையில்? ‘அப்பவே சொன்னேன்’ என்று ஊரே சொல்லும் சொல்லையும் அவன்தான் சுமக்கிறான். வேலையை விட்டுக் கடை போட்டவன், மகளை ஊர் விட்டு ஊர் படிக்க அனுப்பியவன் என்று எல்லாருக்கும் இதே தீர்ப்புதான். இப்படி ஏசி ஏசியே, துணிந்து கேட்க வேண்டிய இடத்தில் ‘பாஸ்’ சொல்லும் ஒரு தலைமுறையை வளர்த்து வைத்திருக்கிறோம்.

அடுத்த முறை ஆட்டம் தோற்றால் ஒன்று செய்யுங்கள். மற்ற சீட்டையெல்லாம் கவிழ்த்துவிட்டு, ஏலம் கேட்டவன் முதலில் பார்த்த நாலு சீட்டை மட்டும் வழியில் போகிற ஒருவரிடம் காட்டி, அதுவரை நடந்த ஏலத்தையும் சொல்லி, ‘அண்ணே, நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க?’ என்று கேளுங்கள். அவரும் இருபது என்றால், வாயை மூடிக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போடுங்கள்.