கல்யாணத்தைச் சரி பண்ண எக்ஸல் ஷீட் எதுக்கு?

புனேவுல நம்ம ஊர் ஜோடிகள் நிறைய. ரெண்டு பேருக்கும் ஹிஞ்சேவாடியில வேலை, வாகட்ல வாடகை ஃப்ளாட். ஊர்லன்னா சண்டையைத் தீர்த்து வைக்க ஒரு பெரியம்மாவோ மாமாவோ இருப்பாங்க (அவங்களால வர்ற சண்டை தனிக் கணக்கு). இங்கே அந்த இடத்தைப் புத்தகமும் யூட்யூபும் பிடிச்சாச்சு. அதைத் தப்புன்னு சொல்ல வரல. அளவைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நண்பர் ஒருத்தர். வீட்ல ஆறு மாசமா முகம் கொடுத்துப் பேசிக்கறதில்ல. மனுஷன் ப்ராஜெக்ட் மாதிரி இறங்கிட்டார். கேரி சாப்மனோட 'ஐந்து காதல் மொழிகள்', ஜான் காட்மன் புத்தகம், தியான ஆப், வாரம் ஒரு நாள் வெளியே சாப்பாடு, ராத்திரி பத்து நிமிஷம் மனம் திறந்த பேச்சு, நன்றி டைரி. எல்லாத்துக்கும் எக்ஸல்ல ஆளுக்கொரு காலம்! மூணாவது வாரம் தங்கமணி கேட்டாங்களாம், "நான் உங்க பொண்டாட்டியா, இல்ல உங்க டீம்ல ஒரு ஆளா?"

சிரிப்பா இருந்தாலும் அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. ஏற்கனவே களைச்சுப் போன வீட்டுல பத்துப் பயிற்சியைக் கொண்டு வந்து இறக்கினா, குத்தம் சொல்ல பத்துப் புதுக் காரணம் கிடைக்குது. "நேத்து நீ டைரி எழுதலியே"ன்னு ஆரம்பிச்சு, சரி பண்றதுக்குன்னே ஒரு சண்டை. பத்து இடத்துல கோடை ஒரே நேரத்துல மாத்திட்டு எது சரியாச்சுன்னு தேடக் கூடாதுன்னு ஆபீஸ்ல ஜூனியருக்குச் சொல்றோம். வீட்டுக்கு வந்தா மறந்துடுது.

அமெரிக்காவுல ஈலை ஃபிங்கல்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவரும் கூட்டாளிகளும் 120 தம்பதிகளை ரெண்டு வருஷம் கவனிச்சு 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முதல் வருஷம் எல்லாருக்குமே மண வாழ்க்கையில திருப்தி கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு. ரெண்டாவது வருஷம் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு எழுத்து வேலை. சமீபத்துல போட்ட சண்டையை, ரெண்டு பேருக்கும் நல்லது நினைக்கிற ஒரு மூணாவது ஆள் எப்படிப் பார்ப்பார்னு எழுதணும். ஒரு தடவைக்கு 7 நிமிஷம், வருஷத்துக்கு 3 தடவை. மொத்தமே 21 நிமிஷம். எழுதினவங்களுக்கு அந்த இறக்கம் நின்னு போச்சு, மத்தவங்களுக்கு நிக்கல. சண்டை குறையல, அதனால வர்ற மன உளைச்சல்தான் குறைஞ்சது.

யோசிச்சா அந்த மூணாவது ஆள் வேற யாருமில்ல, நம்ம பெரியம்மாதான். நல்ல பெரியம்மாவா இருந்தா :-)

இது கூட வேண்டாம்னா காட்மன் சொன்ன நாலு விஷத்துல ஒண்ணை எடுத்துக்கலாம். குணத்தையே குறை சொல்றது, இளக்காரம், உடனே தற்காப்புக்குப் போறது, சுவர் மாதிரி வாயை மூடிக்கறது. நாலுலயும் இளக்காரம்தான் ரொம்ப மோசம்னு அவர் சொல்றார். நான் பார்த்த வரைக்கும் சரின்னுதான் படுது. "உங்க வீட்டு வளர்ப்பு அப்படி"ங்கற ஒரு வரி, உதட்டைச் சுழிக்கிற அந்த ஒரு பார்வை. ஒரு மாசம் இதை மட்டும் விட்டுப் பாருங்க. வீட்ல அறிவிப்பெல்லாம் வேண்டாம், புத்தகத்தை மேஜை மேல வைக்கவும் வேண்டாம். தன் பங்கை மட்டும் செய்ய எதிராளியோட சம்மதம் தேவையில்லையே. ரெண்டு மூணு மாசம் ஆகியும் அசையலைன்னா அடுத்த புத்தகம் வாங்காம ஒரு நல்ல கவுன்சிலர்கிட்ட போங்க.

டிஸ்கி: மேலே சொன்னதெல்லாம் சண்டை போடற வீடுகளுக்கு. அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்கி வெச்சுக்கறது நடக்கற வீட்டுக்கு இல்ல. அங்கே 7 நிமிஷம் உக்காந்து எழுதச் சொல்றது அயோக்கியத்தனம். அதுக்குப் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கு, 2005ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கு.