தாயகத்தைச் சுமந்து சென்றவர்

ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு, செக் நாட்டு இசைவாணர் ரஃபேல் கூபெலிக்கின் வரலாறு அயலானதன்று. வயலின் மேதை யான் கூபெலிக்கின் புதல்வராய் 1914-இல் பிறந்தார். செக் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் தலைமை நடத்துநராய் விளங்கியவர், 1948-இல் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டதும் மனைவி மகனுடன் நாட்டை நீங்கினார். பின்னர் அவ்வரசே அழைத்தும் திரும்ப மறுத்தார்.

சிகாகோ, லண்டன், மியூனிக் நகரங்களில் உயர்பதவி வகித்தார். ஸ்மெதனாவின் ‘என் தாயகம்’ என்னும் இசைக்கோவையைச் சிகாகோவில் 1952-இலும், பாஸ்டனில் 1971-இலும் இசைத்தட்டில் பதிவு செய்தார்.

1989-இல் அவ்வாட்சி வீழ்ந்தது. நோயால் மேடை துறந்திருந்த முதியவர், 1990 மே மாதம் பிராக் நகரில் அதே கோவையை நடத்தினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அயலூர்களில் பேணிய இசையே அவரை வீடு சேர்த்ததென எண்ணி நெஞ்சம் நெகிழ்கிறோம்.