முதலில் வெப்பம், பிறகு தீனி





மைசூர் அக்ரஹாரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவிற்கு, சாயமேற்றிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் சுமந்துகொண்டு ஒருவர் வருவதுண்டு. இப்படி விற்கப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவை, முட்டைக்கோழிப் பண்ணைகளில் வேண்டாமென்று கழிக்கப்பட்ட சேவற்குஞ்சுகளே. இவை முட்டையிடா; இறைச்சிக்கென்று விரைந்து வளர்வதுமில்லை. ஆகவே பல நாடுகளில் பொரித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி தேசம் 2022 ஜனவரி 1 முதல் இவ்வழக்கத்தைச் சட்டத்தினால் தடை செய்திருக்கிறது.

ஒரு மாலையில் என் மகள் அத்தகைய குஞ்சுகள் இரண்டை வாங்கி வந்தாள். ஒன்றுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்து, நிற்க இயலவில்லை. மற்றொன்று கண்மூடித் தூங்கி வழிந்தது. "இவை பிழைக்காது, திருப்பிக் கொடுத்துவிடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அம்மா, இவைகளுக்காக ஜெபிக்கலாமா?" என்றாள். ஜெபித்தோம். பின்பு ஊரிலிருக்கும் என் மாமியாருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். "முதலில் சூடு கொடு, தீனியெல்லாம் பிறகு" என்றார்கள்.

அது எத்தனை உண்மை! பொரிந்து வரும் குஞ்சு தன் வயிற்றிற்குள் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் கொண்டு வருகிறது. இரண்டொரு நாள் அதைக் கொண்டே உயிர் வாழும். ஆனால் குளிரை அதனால் தாங்க முடியாது. கிராமத்தில் தாய்க்கோழியின் சிறகும் பஞ்சாரமும் உண்டு. நமது வாடகை வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியே பஞ்சாரம். அதன் ஒரு மூலையில் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை, அட்டையிலோ துணியிலோ படாதபடி தொங்கவிடுங்கள். எல்.இ.டி. விளக்கினால் போதிய வெப்பம் கிடைக்காது. முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பின்பு வாரத்திற்கு 3 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கினடியில் நெருங்கி நின்று கத்தினால் குளிர்கிறது. விலகிப்போய் வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுதி.

பெட்டியில் செய்தித்தாளை விரிக்காதீர்கள். அது வழுக்கி, இளங்கால்கள் விரிந்துபோகும். சொரசொரப்பான துணியை விரியுங்கள். விரிந்த கால்களை, குஞ்சு இயல்பாக நிற்கும் அகலத்தில் வைத்து, காயத்திற்கு ஒட்டும் பிளாஸ்டரின் மெல்லிய துண்டினால் இணைத்துச் சில நாட்கள் விட்டால் பெரும்பாலும் நேராகும். தட்டையான கிண்ணத்தில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் வையுங்கள், மூழ்கிவிடாது. அரிசி நொய்யும் கேழ்வரகும் மட்டும் போதா; கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே நல்லது. ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் இளக்கித் துடையுங்கள். காயப்பட்ட குஞ்சைத் தனியே பிரியுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்திக் கொன்றுவிடும்.

வாத்துக்குஞ்சாயின் நியாசின் என்னும் வைட்டமின் அதிகம் தேவை. குறைந்தால் கால்கள் வலுவிழக்கும். தாயில்லாத வாத்துக்குஞ்சின் மென்தூவி நீரில் எளிதில் நனைந்து குளிர் பிடிக்கும்; ஆகவே நீந்த விட்டுவிட்டு அகலாதீர்கள்.

ஓர் எச்சரிப்பு. 2020 மார்ச்சில் நம் மைசூரின் கும்பாரகொப்பலில் பறவைக்காய்ச்சல் கண்டறியப்பட்டதை மறக்கலாகாது. பறவைகள் திடீரென்று அடுத்தடுத்து மடிந்தால் தொடாமல், அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகள் குஞ்சுகளை முத்தமிட வேண்டாம். தொட்டபின் சோப்பினால் கைகழுவட்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுவே: மூன்றாம் நாள் காலையில் தூங்கி வழிந்த குஞ்சு இறந்து கிடந்தது. "நான் ஜெபித்தேனே அம்மா" என்று மகள் அழுதாள். "உன் விசுவாசம் போதவில்லை" என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் தலைமேல் அந்தச் சுமையை வைக்க நாம் யார்? அடைக்கலான் குருவி தரையில் விழுவதையும் பிதா அறிகிறார் என்று ஆண்டவர் மத்தேயு 10-ல் போதித்தார். எந்தக் குருவியும் விழாது என்று அவர் சொல்லவில்லை. இதைச் சொல்லி, அவளோடு நானும் அழுதேன். இருவருமாகச் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்தோம். கால் விரிந்த குஞ்சோ ஐந்தாம் நாளில் தள்ளாடி எழுந்து நின்றது. ஏன் ஒன்று, ஏன் மற்றொன்று இல்லை என்று அவள் கேட்டாள். "எனக்குத் தெரியாது" என்றேன். அதுவும் ஒரு விசுவாசியின் பதில்தான்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, நம் சபையின் கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருப்போர் உண்டல்லவா? அவர்களை நெருங்கியவுடன் புத்திமதி என்னும் தீனியை நீட்டிவிடுகிறோம். முதலில் வெப்பம் தேவை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டிற்கு அழைத்து, ஒரு வாய்ச் சோறு போட்டு, பேசவிட்டுக் கேளுங்கள். காயப்பட்டு வருவோரின் காயத்தை நாலு பேர் கொத்தும்படி வெளியே பேசாதிருங்கள். கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல எருசலேமைச் சேர்க்க ஏங்கிய ஆண்டவர் (மத்தேயு 23:37), தம்முடைய சிறகின் வெப்பத்தை இன்று நம் கைகளின் வழியாகவே பிறருக்கு அளிக்க விரும்புகிறார்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.