கப்பல் மணியில் ஒரு பெயர்

சிங்கப்பூரில் வேலை முடிந்து, பாலத்து நெரிசலில் பலர் காத்திருக்கும் மாலை நேரம். வானொலியில் ஒரு கேள்வி போட்டேன்: "நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர் யார்?" அழைத்தவர்களில் பலர் சட்டென்று "கேப்டன் குக்" என்றார்கள். ஒரு பள்ளி மாணவன் மட்டும் திருப்பிக் கேட்டான்: "அக்கா, அவர் போனப்பவே அங்க ஆளுங்க இருந்தாங்கதானே?"

இருந்தார்கள் தம்பி. மாவோரி மக்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள்.

ஜேம்ஸ் குக்கைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைத் தொழிலாளியின் மகன். நிலக்கரிக் கப்பலில் தொழில் பழகியவர். 1768ல் 'எண்டெவர்' கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1769 அக்டோபரில் நியூசிலாந்தை அடைந்தார். ஏறக்குறைய ஆறு மாதம் கரையைச் சுற்றிவந்து வரைபடம் தயாரித்தார். எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினார்.

அதே கப்பலில், தஹிட்டித் தீவில் ஏறிய துபாயா என்ற மாலுமியும் இருந்தார். பசிபிக்கில் எந்தத் தீவு எந்தத் திசையில் என்பது அவருக்கு மனப்பாடம். மாவோரி மக்களிடம் பேச முடிந்ததும் அவரால்தான். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். மலாயும் அவற்றுக்குத் தூரத்து உறவு. நாம் சந்தையில் கேட்கும் 'ஈக்கான்', மாவோரியில் 'ஈக்கா'. 'லாங்கிட்' அங்கே 'ராங்கி'. 1770ல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், துபாயா நோயுற்று இறந்தார். ஒரு வரைபடமும் சில ஓவியங்களும் மிஞ்சின. மனத்தில் வைத்திருந்த மற்றவை அவரோடு போயின.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பெயர் இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், நியூசிலாந்தின் வாங்கரே பகுதியில் மாவோரிப் பெண்கள் ஓர் உடைந்த வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரமல்ல, கப்பல் மணி. அதில் பழைய தமிழ் எழுத்து! முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று வாசித்திருக்கிறார்கள். இன்று அது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உடனே "குக்குக்கு முன்பே தமிழன் போய்விட்டான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். மணி எப்போது, யார் கையால் அங்கே போனது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கப்பலில் இருந்தவர்கள் எழுதிவைத்த ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. என் பாட்டி 'ரஜுலா' கப்பலில் வந்து குளுவாங் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர். கடல் பயணத்தைக் கதை கதையாகச் சொல்வார். தினமும் ஊரார் குரலைப் பதிவு செய்யும் நான், அவர் குரலை ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யவில்லை. எந்த ஆண்டு வந்தார், கூட யார் வந்தார்கள் என்று இப்போது கேட்க ஆளில்லை.

இந்த ஞாயிறு, உங்கள் வீட்டுப் பெரியவர் பசியாறி முடித்ததும் அருகில் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவை அழுத்திவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்? எந்தக் கப்பல்? கூட யார் வந்தாங்க?