குளியலறைக் குழாயில் நூலாகத் தண்ணீர்... மோட்டார்தான் தீர்வா?

கேள்வி: "மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குளியலறைக் குழாயில் நூல்போலத்தான் வருகிறது. வாளி நிறைய நெடுநேரம் ஆகிறது. தெருக் குழாய் இணைப்பிலேயே மோட்டார் பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?"
- வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்.

பதில்: கூடாது. தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது. குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதுதான் கணக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர். அதைத் தரைத்தொட்டியில் பிடித்து, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுவதே முறை.

மேலும், தொட்டி நிறைந்திருந்தும் வேகம் இல்லையென்றால் குறை தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான். முதலில், மற்ற குழாய்களில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால், பெரும்பாலும் உப்பு அடைப்புதான். சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. டிரிப்பரை அடைக்கும் அதே சுண்ணாம்புப் படிவுதான் இங்கும். காஞ்சிபுரம் பட்டுச் சாயக்காரர்களும் தண்ணீரைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். பட்டின் பசையை நீக்கச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கும்போது, உப்புத் தண்ணீராக இருந்தால் நுரைக்காமல் திரிந்துவிடும்.

குழாயின் வாயில் சிறு வலை மூடி இருந்தால் துணி சுற்றித் திருகிக் கழற்றுங்கள். எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டாம். குழாயின் முலாம் உரிந்துவிடும். வாஷ்பேசினாக இருந்தால், கீழே உள்ள ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வலை இல்லாத குழாய் என்றால், கேட் வால்வை மூடிவிட்டுக் குழாயின் தலையைக் கழற்றி, வாஷர் நைந்து வழியை மறைக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

எல்லாக் குழாயிலும் குறைவு என்றால், மாடிக்கு ஏறுங்கள். கேட் வால்வு பாதி மூடியிருக்கலாம். தொட்டியின் அடியில் சேறு சேர்ந்திருக்கலாம். தொட்டி காலியாகி மறுபடி நிறைந்த பிறகு குறைந்தது என்றால், குழாயில் காற்று அடைத்திருக்கும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துவிட்டால் பல வீடுகளில் காற்று வெளியேறிவிடும்.

இத்தனைக்கும் சரியாகாவிட்டால், தொட்டியின் உயரம்தான் காரணம். 10 அடி உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிராம்தான். தொட்டி தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தால், 7 அடியில் இருக்கும் ஷவருக்கு மிஞ்சுவது மூன்று, நான்கு அடி அழுத்தமே. மேடை கட்டித் தொட்டியை உயர்த்தலாம். ஆனால், 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன் கனம். சுவரின் மேல் பாரம் இறங்கும்படி மேடை அமைய வேண்டும். கொத்தனாரைக் கேட்காமல் செய்யாதீர்கள். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் முக்கால் அங்குலமாக மாற்றுங்கள். நீர் செல்லும் வழி இரண்டு மடங்குக்கும் மேல் அகலமாகும்.

பிரஷர் பம்ப் கடைசி வழி. அதையும் தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில்தான் பொருத்த வேண்டும். அதற்கு முன், எலுமிச்சைப் பழச் செலவோடு வேலை முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.