பழைய ஃபார்ச்சூனரும் வெண்மணித் தீர்ப்பும்

தஞ்சைப் பக்கம் நம் இளைஞர்கள் செகண்ட் ஹேண்டில் பெரிய வண்டி தேடினால், "சேரிக்கு எதுக்கு ஃபார்ச்சூனர்?" என்ற கேள்வி உடனே வருகிறது. முற்போக்குத் தோழர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் நாசூக்காக.

டெல்டாவில் கார் வெறும் வண்டி அல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதாரர்களை விடுவித்த உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? பெரும்பாலோர் நிலபுலன் உள்ள பணக்காரர்கள், ஒருவர் காரே வைத்திருப்பவர். இவர்கள் தாமே நேரில் போய்த் தீ வைப்பார்களா என்று வியந்தது. அவரிடம் இருந்தால் கார் நன்னடத்தைச் சான்று. நம்மிடம் இருந்தால் "காசு ஏது?"

2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தம், நாம் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. கல்யாண ஊர்வல வண்டியும் அதில் உண்டு. அன்றாடம் ஓட்டும் காரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அவ்வளவு தூரம் வருவோம் என்று எதிர்பார்க்கவில்லை போலும்!

ஆகவே வாங்குங்கள், ஏமாறாமல். எண்டெவர் மலிவாகக் கிடைத்தால், ஃபோர்டு 2021-லேயே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்தது என்பதை மனதில் வைத்து, உதிரிபாகம் விசாரியுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் சேற்றுக் கறை தெரியலாம். பைனான்ஸ் பாக்கி இருந்தால் என்.ஓ.சி. வராமல் முன்பணம் தராதீர்கள். ஆர்.சி.யை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வேறொருவர் பெயரில் ஓடும் வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியோடு நம்மை விடமாட்டார்கள்.